மூளையின் ஆற்றல் வழங்கல்

மூளையின் ஆற்றல் வழங்கல் என்பது மூளை உயிரணுக்கள் தமக்கு வேண்டிய ஆற்றலைக் குருதியிலிருந்து பெற்றுத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் முறையைக் குறிக்கும். வளர்ந்தவரின் மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வுநிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு செலவு செய்யும் உறுப்பில் சேமிப்போ மிகக் குறைவு. எனவே மூளைக்குச் செல்லும் குருதியோட்டம் முற்றிலும் நின்றால் சுமார் 10 நொடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் நரம்பணுக்கள் அழியத் தொடங்கும்.

எரிபொருளும் செலவும்

மூளையின் முதன்மை எரிபொருள் குளுக்கோசு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோசை மூளை பயன்படுத்துகிறது. குருதி-மூளைத் தடுப்பைக் கடக்க குளுட்-1 என்னும் கடத்திப் புரதமும், நரம்பணுவுக்குள் நுழைய குளுட்-3 என்பதும் உதவுகின்றன. உயிரணுவில் குளுக்கோசு பைருவேட்டாக உடைகிறது. இழைமணிகள் ஆக்சிசனைக் கொண்டு அதிலிருந்து ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறை உருவாக்குகின்றன. நரம்பணு குறிகை அனுப்பும்போது சோடியம் அயனிகள் உள்ளே வருகின்றன, பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன. அவற்றைப் பழைய இடத்துக்குத் திருப்பும் எக்கிகளுக்கே ஏடிபியின் பெரும்பங்கு செலவாகிறது.

உயிரணுக்களுக்கிடையே பகிர்வு

விண்மீன் வடிவ ஆசுட்டிரோசைட்டுகள் நரம்பணுக்களின் துணை உயிரணுக்கள். இவற்றின் சில கிளைகள் குருதி நுண்குழாய்களைத் தழுவியிருக்கும். வேறு சில நரம்பணுச் சந்திப்புகளைச் சூழ்ந்திருக்கும். மூளையில் உள்ள சிறிதளவு கிளைக்கோசனும் பெரும்பாலும் இவற்றில்தான் உள்ளது.

1994-இல் லுக் பெல்லரின், பியர் மசிசுட்ரெட்டி ஆகியோர் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். நரம்பணு வெளியிடும் குளுட்டமேட்டை ஆசுட்டிரோசைட்டு உள்வாங்கும்போது, அது குளுக்கோசை உடைத்து இலாக்டேட்டாக்கி வெளிவிடுகிறது; அதை நரம்பணு எரிபொருளாகக் கொள்கிறது என்பது அவர்கள் கருத்து. நரம்பணுக்கள் குளுக்கோசை நேரடியாகவும் பயன்படுத்துவதால், இலாக்டேட்டின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. நீண்ட நரம்பிழைகளைப் பொதிந்துள்ள ஒலிகோடென்ட்ரோசைட்டுகளும் அவ்விழைகளுக்கு இலாக்டேட்டு வழங்குகின்றன.

மாற்று எரிபொருள்

நெடுநாள் பட்டினியில் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் பொருள்களை உண்டாக்குகிறது. சில வாரங்களில் மூளையின் தேவையில் பாதிக்கும் மேற்பட்டதை இவை ஈடுசெய்யக்கூடும். இவ்வாக்கத்தின் முக்கியப் படியை நடத்துவது எச்எம்ஜி-கோஏ லையேசு என்னும் நொதி. 1950-களில் அமெரிக்காவில் மைனர் கூனுடன் பணியாற்றியபோது இதைக் கண்டறிந்தவர் பிமல் குமார் பச்சாவத். பின்னர் அவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு வேதியியல் ஆய்வகத்தை உருவாக்கினார்; 1962-ஆம் ஆண்டுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசைப் பெற்றார்.

இந்நொதி குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகள் சில மணிநேரம் உண்ணாதிருந்தாலும் ஆபத்து நேரலாம். குருதிச் சர்க்கரை குறைந்துவிடும். ஈடாகக் கீட்டோனும் கிடைக்காது. வலிப்பும் ஆழ்மயக்கமும் ஏற்படக்கூடும்.

சர்க்கரைத் தாழ்வு

இன்சுலின் போட்டுக்கொண்டு உணவைத் தவிர்ப்பவருக்கும் மூளையின் எரிபொருள் திடீரெனக் குறையலாம். இன்சுலின் கீட்டோன் ஆக்கத்தையும் அடக்குவதால் மாற்று எரிபொருளும் உடனே கிடைப்பதில்லை. குருதிச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் சென்றால் அது தாழ்நிலை. வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவை முதலில் தோன்றும். மேலும் குறைந்தால் குழப்பமும் பேச்சுக் குழறலும் வரும். விழுங்கும் நிலையில் உள்ளவருக்கு உடனே சர்க்கரை அல்லது குளுக்கோசு தர வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.