குழி எடுக்க எந்த எந்திரம்? பெட்ரோலா, பாட்டரியா, டிராக்டரா?

தருமபுரி மாவட்டத்தில் ஆடி மாதம் நெருங்கும்போது விவசாயிகள் பலருக்கும் ஒரே கவலைதான். மாங்கன்றுக்குச் சொல்லி வைத்தாகிவிட்டது. மழையும் இறங்கும் போல் இருக்கிறது. ஆனால் குழி எடுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைக்கும் ஓரிரு ஆட்களும் சரளை நிலம் என்றால் தயங்குகிறார்கள். நடவு தள்ளிப்போய், கன்று வேர் பிடிக்குமுன் மழை நின்றுவிட்டால், மானாவாரி நிலத்தில் அவ்வாண்டுச் செலவு அத்தனையும் வீணாகிறது.

இந்நிலையில் குழி தோண்டும் எந்திரங்கள் இப்பகுதியிலும் பரவி வருகின்றன. ‘ஆகர்’ என்று கடைக்காரர்கள் கூறும் இக்கருவி, திருகு வடிவில் அமைந்த எஃகுத் தண்டு ஒன்றைச் சுழற்றி மண்ணைக் குடைந்து மேலே தள்ளுகிறது. பெட்ரோலில் ஓடுவது, பாட்டரியில் ஓடுவது, கையடக்க டிரில்லிங் மெஷினில் பொருத்துவது, டிராக்டரில் இணைப்பது என நான்கு வகைகள் உள்ளன. விலையை மட்டும் பார்த்தோ, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கினார் என்பதற்காகவோ இவற்றுள் ஒன்றை வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துவோர் உண்டு. எந்த எந்திரம் என்பதை முடிவு செய்ய வேண்டியது கடைக்காரர் அல்ல, அவரவர் நிலமே.

முதலில் கடப்பாரைச் சோதனை

எந்திரம் வாங்கப் புறப்படுமுன், நடவு செய்யப்போகும் நிலத்தில் நான்கைந்து இடங்களில் கடப்பாரையால் 3 அடி ஆழம் வரை தோண்டிப் பார்க்க வேண்டும். மேட்டில் ஓரிடம், பள்ளத்தில் ஓரிடம், நடுவில் இரண்டு மூன்று இடங்கள் எனத் தெரிந்தெடுப்பது நல்லது. இம்மாவட்டத்தில் ஒரே சர்வே எண்ணுக்குள்ளேயே மண் மாறுவதுண்டு. கீழ்ப்பகுதியில் ஆழமான செம்மண்ணாக இருக்கும் நிலம், மேட்டில் ஒன்றரை அடிக்குக் கீழே சரளையாகவும் சுக்கானாகவும் மாறிவிடும்.

ஆழம் வரை மண்ணே இருந்தால் எந்திரம் நன்கு பயன்படும். கைக்கு அடங்கும் சிறு கற்கள் கலந்திருந்தால் வலுவான எந்திரம் மெதுவாக வேலை செய்யும். தேங்காய் அளவுக் கற்களோ பாறைப் படுகையோ தென்பட்டால் எந்த ஆகரும் உதவாது. அங்கே கடப்பாரை அல்லது ஜே.சி.பி. எந்திரமே வழி. அரை நாள் கூலியில் முடியும் இச்சோதனை, பல ஆயிரம் ரூபாய் வீணாவதைத் தடுக்கும்.

குழியின் அளவை மறந்துவிடலாகாது

மா, புளி, தென்னை ஆகியவற்றிற்கு நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 1 மீட்டர் உள்ள குழி பரிந்துரைக்கப்படுகிறது. கையால் இயக்கும் பெட்ரோல் ஆகரில் பொதுவாகப் பொருத்தும் பெரிய திருகின் குறுக்களவு 12 அங்குலம். அதைக்கொண்டு 2 அடி ஆழத்திற்குப் போட்ட துளையில் வெளிவரும் மண், 1 மீட்டர் குழியில் வெளிவரும் மண்ணில் ஏறத்தாழ 22இல் ஒரு பங்குதான். டிராக்டரில் பொருத்தும் 18 அங்குலத் திருகால் 3 அடி ஆழம் தோண்டினாலும் ஏழில் ஒரு பங்கே ஆகும்.

“எந்திரம் ஒரு நிமிடத்தில் குழி போட்டுவிடுகிறது” என்று சொல்வதைக் கேட்கும்போது, எந்தக் குழி என்று கேட்க வேண்டும். கடினமான அடிமண் உள்ள மானாவாரி நிலத்தில் குறுகிய துளையில் மாங்கன்றை வைத்தால், வேர் பக்கவாட்டில் பரவ வழியின்றித் துளைக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும். முதல் கோடையிலேயே கன்று வாடத் தொடங்கும்.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. 1 மீட்டர் சதுரத்தைக் கோடிட்டு, நான்கு மூலைகளிலும் நடுவிலும் 18 அங்குலத் துளைகள் ஐந்து போட்டு, இடையில் எஞ்சிய மண்ணைக் கடப்பாரையால் இடித்து எடுக்கலாம். பாதிக்கு மேற்பட்ட வேலையை எந்திரமே முடித்துவிடுவதால் ஆட்செலவு கணிசமாகக் குறையும்.

மலைவேம்பு, தேக்கு போன்ற மரக்கன்றுகளுக்கும், வேலிக் கம்பங்களுக்கும், பாகல், புடலைப் பந்தலுக்கான கல்தூண்களுக்கும் குறுகிய குழி போதும். ஆகரின் முழுப் பயனும் இவ்வேலைகளில்தான் தெரியும்.

பெட்ரோல் எந்திரம்

ஒருவரோ இருவரோ பிடித்து இயக்கும் இவ்வகையில் 52 அல்லது 63 சி.சி. அளவுள்ள டூ ஸ்ட்ரோக் எந்திரங்கள் அதிகம் விற்கின்றன. டிராக்டர் நுழையாத சரிவிலும், வரப்போரத்திலும், மரங்களுக்கு இடையிலும் இதைத் தூக்கிச் செல்லலாம். எரிபொருள் தீர்ந்தால் உடனே நிரப்பிக்கொள்ளலாம்.

திருகின் அளவைத் தெரிவு செய்வதில் கவனம் தேவை. 6 அங்குலத் திருகை விட 12 அங்குலத் திருகு நான்கு மடங்கு மண்ணைப் பெயர்க்க வேண்டும். செம்மண்ணில் 8 அங்குலத்தைச் சுலபமாக ஓட்டும் எந்திரம், சரளையில் 12 அங்குலத்தைப் போட்டால் திணறும்.

டூ ஸ்ட்ரோக் எந்திரத்தில் பெட்ரோலுடன் 2டி ஆயிலைக் கலந்தே ஊற்ற வேண்டும். எந்திரத்துடன் தரப்படும் குறிப்பில் 25க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மி.லி., 40க்கு 1 என்றால் 25 மி.லி., 50க்கு 1 என்றால் 20 மி.லி. ஆயில் தேவை. தனி கேனில் கலந்து குலுக்கிய பின்னரே டாங்கில் ஊற்ற வேண்டும். ஆயில் கலவாத பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொண்டு எந்திரம் பாழாகும். இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும். எனவே வேலை முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, எந்திரம் தானே நிற்கும் வரை ஓட்டி, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

பாட்டரியும் டிரில்லிங் மெஷினும்

அமெரிக்கா, கனடா, பின்லாந்து போன்ற குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். அங்கு மீன் பிடிப்போர் பனிக்கட்டியில் துளையிட இதே திருகுக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். பெட்ரோலா, பாட்டரியா, டிரில்லிங் மெஷினா என்ற கேள்வி அவர்களுக்கும் உண்டு. அங்கே பாட்டரி எந்திரங்கள் நல்ல வரவேற்பைப் பெற்றுள்ளன. ஆனால் பனிக்கட்டி அடி வரை ஒரே சீரானது. அதில் கல்லும் இல்லை, வேரும் இல்லை. பென்னாகரத்துச் சரளை மேட்டிற்கு அக்கணக்கு பொருந்தாது.

18 வோல்ட், 4 ஆம்பியர் மணி பாட்டரி ஒன்றில் அடங்கிய ஆற்றல் 72 வாட் மணி. 1 லிட்டர் பெட்ரோலில் சுமார் 9,000 வாட் மணி ஆற்றல் உண்டு. அதில் ஆறில் ஒரு பங்கே உழைப்பாக மாறுகிறது என்று கொண்டாலும், அது இத்தகைய 20 பாட்டரிகளுக்குச் சமம். பெரிய குழிகளைப் பகல் முழுவதும் போடுவதற்குச் சிறு பாட்டரி போதாது என்பது இதிலிருந்து விளங்கும். 40 முதல் 60 வோல்ட் வரையிலான பெரிய பாட்டரி ஆகர்கள் செம்மண்ணில் நடுத்தரக் குழிகளுக்குப் பயன்படும். எனினும் மாற்றுப் பாட்டரியும், அருகில் மின்வசதியும் இருந்தால்தான் வேலை தடைப்படாது.

டிரில்லிங் மெஷினில் 2 முதல் 4 அங்குலத் திருகைப் பொருத்திச் செய்யும் சிறு வேலைகள் பல உள்ளன. தக்காளிச் செடிக்கு ஊன்றுகோல் நட, சாமந்தி, மல்லிகை நாற்று வைக்க, வளர்ந்த மாமரத்தின் நிழல் விளிம்பைச் சுற்றி உரக்குழி போட, ஓர் அடி ஆழத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க இது மிகவும் ஏற்றது. பாலக்கோடு, காரிமங்கலம் பகுதித் தக்காளி விவசாயிகளுக்கு இதுவே போதுமானது. பக்கக் கைப்பிடி உள்ள மெஷினாக வாங்கி, குறைந்த வேகத்திலேயே ஓட்ட வேண்டும். திருகு கல்லில் மாட்டினால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். பாட்டரியை வெயிலில் வைத்தால் அதன் ஆயுள் குறையும். நிழலில் ஈரம்படாமல் வைக்க வேண்டும்.

டிராக்டர் ஆகர்

டிராக்டரின் பின்புற மும்முனை இணைப்பில் பொருத்தி, பி.டி.ஓ. தண்டினால் இயக்கும் இந்த ஆகரே வலுவில் முதன்மையானது. 18 அங்குலம், 24 அங்குலத் திருகுகளைப் பொருத்தி 3 அடி வரை தோண்டலாம். சமமான, திறந்த நிலத்தில் நூற்றுக்கணக்கான குழிகளுக்கு இதற்கு நிகர் வேறில்லை. சரிவு நிலத்திற்கும் குறுகிய இடத்திற்கும் இது ஆகாது. கல்லில் மோதும்போது எந்திரத்தைக் காக்கவென்றே உடையும்படி அமைந்த போல்ட்டு ஒன்று இதில் உண்டு. அது உடைந்தால் அதே வகைப் போல்ட்டையே போட வேண்டும். வலுவான வேறொன்றைப் போட்டால் கியர் பெட்டி உடையும்.

வாங்குவதா, வாடகையா?

எந்திரத்தின் விலை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் இடைவெளியில் மா நடுபவருக்கு ஏக்கருக்கு 40 குழிகளே தேவை. ஒரே ஏக்கருக்காக எந்திரம் வாங்கினால், குழி ஒன்றுக்கு 500 ரூபாய் எந்திரத்திற்கே போய்விடுகிறது. இவர் டிராக்டர் ஆகரையோ ஜே.சி.பி.யையோ சில மணி நேர வாடகைக்கு அமர்த்துவதே இலாபம். 40 குழிகளில் வெளிவரும் மண் 40 கன மீட்டர், அதாவது சுமார் 60 டன் என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

சொட்டுநீர் வசதியுடன் 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் அடர் நடவு செய்பவருக்கு ஏக்கருக்கு 674 கன்றுகள் தேவை. இங்கு எந்திரச் செலவு குழிக்கு 30 ரூபாயாக இறங்கும். மூன்று விவசாயிகள் சேர்ந்து வாங்கி 2,000 குழிகள் போட்டால் 10 ரூபாய்தான். எரிபொருள், ஆட்கூலி, தேய்மானம் ஆகியவற்றைத் தனியே கூட்டிக்கொள்ள வேண்டும். வாங்குமுன் தம் நிலத்திலேயே ஓட்டிக் காட்டும்படி கேட்பதும், திருகின் நுனிக் கத்தி, கிளட்ச் போன்ற உதிரிப் பாகங்கள் தருமபுரியிலோ சேலத்திலோ கிடைக்குமா என்று விசாரிப்பதும் அவசியம்.

உடம்பும் உயிரும் முக்கியம்

சுழலும் திருகுக்குத் துண்டும் தெரியாது, கையும் தெரியாது. தோளில் துண்டு, தொளதொளத்த வேட்டி, புடவைத் தலைப்பு, துப்பட்டா ஆகியவற்றுடன் ஆகர் அருகிலோ பி.டி.ஓ. தண்டின் அருகிலோ நிற்கவே கூடாது. கால்சட்டை, மூடிய காலணி, கண்ணாடி, காதடைப்பான் அணிய வேண்டும். தண்டின் மேலுறை இல்லாத டிராக்டர் ஆகரை வாடகைக்கு எடுக்கலாகாது. கையால் பிடிக்கும் ஆகர் வேரிலோ கல்லிலோ மாட்டினால் திருகு நின்று, கைப்பிடி ஆளைச் சுழற்றியடிக்கும். 8 அங்குலத்திற்கு மேற்பட்ட திருகை இருவர் பிடிக்கும் எந்திரத்திலேயே ஓட்டுவது நலம். மாட்டிய திருகை விடுவிக்குமுன் எந்திரத்தை நிறுத்தியாக வேண்டும். பாட்டரி எந்திரமானால் பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

தோண்டிய குழியைத் திறந்தபடி விட்டால் ஆடுமாடுகளும் குழந்தைகளும் விழ நேரும். முள்ளோ பலகையோ இட்டு மூடி வைக்க வேண்டும்.

எப்போது தோண்டுவது?

காய்ந்து இறுகிய மண்ணில் திருகு இறங்காது. சேறான மண்ணிலோ துளையின் சுவர் பூசி மெழுகியதுபோல் ஆகி, வேரும் நீரும் புக முடியாதபடி செய்துவிடும். கோடை மழை பெய்து இரண்டு மூன்று நாட்கள் கழித்து, மண்ணை உருண்டையாகப் பிடித்து அழுத்தினால் உதிரும் பக்குவத்தில் தோண்டுவதே சிறந்தது. எந்தப் பக்குவத்தில் தோண்டினாலும் சுவரைக் கடப்பாரையால் கீறிவிட வேண்டும். குழியைச் சில நாட்கள் ஆறவிட்டு, மேல்மண்ணுடன் 10 கிலோ மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பி, நல்ல மழை பெய்ததும் கன்றை நட வேண்டும். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருப்பது அவசியம்.

வாடகை எந்திரங்கள், மானியம் பற்றிய விவரங்களை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் உழவன் செயலியிலும் அறியலாம். மண்ணுக்கேற்ற இரகம், நடவு முறை பற்றிப் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம். கடப்பாரைச் சோதனையை மட்டும் மழைக்கு முன்பே செய்துவிட வேண்டும். அதன்பின் எந்திரத்தை முடிவு செய்தால், பணமும் மிஞ்சும்; வைத்த கன்றும் பிழைக்கும்.