மென்பொருட் காவல்

கணினியை இயக்கும் கட்டளைத் தொகுதியை மென்பொருள் என்பர். அதன் மூலநிரலை மறைத்து வைத்துப் பயனை மட்டும் விற்போர் ஒரு சாரார். அதனை யாவர்க்கும் திறந்து வைத்து, படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை அளிப்போர் மற்றொரு சாரார். பின்னவர் இயற்றுவது திறந்த மூல மென்பொருள் எனப்படும். பலரும் காண்பதால் அதன்கண் பிழை தங்காது என்று கருதுவாரும் உளர். காணும் உரிமை உண்டென்பதனால் எல்லாரும் கண்டார் என்றல் பொருந்துமோ?

இணையவழிச் செல்லும் செய்திகளை இடைநிற்போர் அறியாவண்ணம் மறைமொழியாக்கும் மென்பொருள்களுள் ஓப்பன்எஸ்எஸ்எல் பெரிதும் வழங்குவது. 2012 மார்ச்சுத் திங்களில் வெளிவந்த அதன் பதிப்பில் ஒரு பிழை புகுந்தது. தொடர்பு அறுபடவில்லை என்பதை அறிய, ஒரு கணினி ஒரு சொல்லையும் அதன் நீளத்தையும் அனுப்பும். மற்றது அச்சொல்லையே திருப்பி அனுப்பும். கூறிய நீளம் மெய்தானா என்று பார்க்கும் கட்டளை நிரலில் விடுபட்டுப் போயிற்று. நான்கெழுத்துச் சொல்லை அனுப்பி, அதன் நீளம் 60,000 எழுத்து என்று பொய்யுரைப்பின், மறுமுனைக் கணினி அந்நான்கோடு நில்லாது, தன் நினைவகத்தில் அடுத்துக் கிடந்தவற்றையும் வாரிக் கொடுத்துவிடும். கடவுச்சொற்களும் அவற்றுள் இருத்தல் கூடும். 'ஹார்ட்பிளீட்' எனப்பட்ட இப்பிழையை உலகம் அறிந்தது 2014 ஏப்ரல் 7-ஆம் நாளில்தான்.

ஈராண்டுக் காலம் அது வெளிப்படாமற் கிடந்ததன் காரணம் யாது? அம்மென்பொருளைப் பேரளவிற் பயன்படுத்தியோர் பலர்; அதற்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடையோ ஏறத்தாழ 2,000 டாலர்; முழுநேரம் உழைத்தவர் ஒருவரே. எல்லாரும் பல்லக்கு ஏறினால் சுமப்பவர் யார்?

அவ்வாண்டு செப்டம்பரில் ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவினர் பாதுகாப்பு நெறிமுறை ஒன்றை வகுத்து வெளியிட்டனர். பாதுகாப்புக் குழுவின் பணி அரியது. பிழை கண்டவர் அதனை ஊரறியக் கூவுவாராயின், திருத்தம் வருமுன் கள்வர் அறிந்துகொள்வர். மறைத்தே வைப்பாராயின், பயன்படுத்துவோர் தம் இடரை உணராதிருப்பர். ஆதலின் மறைவாக அறிவித்தற்கு ஒரு முகவரி வேண்டும். அங்கு வரும் மடல்களைப் படிப்போர் சிலராகவும் நம்பத்தக்கோராகவும் இருத்தல் வேண்டும்; ஒருவரே ஆயின், அவர் நோயுற்ற நாளில் மடல் படிப்பாரின்றிக் கிடக்கும். தீங்கின் அளவைத் தரம் பிரித்தலும், திருத்தத்தைச் செய்து முடிக்கும்வரை செய்தி கசியாமற் காத்தலும், பின்னர் ஒளிவின்றி அறிவித்தலும் அவர்தம் கடன். 2022 அக்டோபர் 25-ஆம் நாள் அக்குழுவினர், மிகக் கொடிய பிழையொன்றிற்குத் திருத்தம் நவம்பர் 1-ஆம் நாள் வரும் என்று மட்டும் அறிவித்தனர். பிழை இன்னதென்று கூறிலர். கணினி காப்போர் ஆயத்தமாயினர். குறித்த நாளில் திருத்தம் வந்தபோது, ஆய்ந்து பார்த்ததில் தீங்கு அத்துணைக் கடிதன்று எனக் கண்டு, தரத்தை ஒருபடி தாழ்த்தியும் உரைத்தனர். தாம் முன்னர்ச் சொன்னதைத் தாமே குறைத்துச் சொல்ல நாணாமை பாராட்டத்தக்கது.

காவல்புரிவோரே களவு செய்யின் என் செய்வது? எக்ஸ்இசட் என்னும் சுருக்கு மென்பொருளில் அதுவே நிகழ்ந்தது. அதனைப் பேணி வந்தவர் தனியொருவர். அவர்க்கு நெடுநாள் துணைபுரிந்து, நம்பிக்கை பெற்று, வெளியீட்டு உரிமையும் எய்திய ஒருவர், 2024-இல் அதனுள் கள்ளவாயில் ஒன்றை அமைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர், தொலைக்கணினிக்குள் நுழைய வழக்கத்தினும் ஏறத்தாழ அரை நொடி மிகுதியாவதைக் கண்டு, காரணம் தேடி அக்கள்ளத்தை வெளிப்படுத்தினார். பேணுவோர்மீதே ஐயம் எழுந்தமையின், அவர்களுக்கு அதனை அறிவித்தல் இயலாதாயிற்று. முதற்கண் டெபியன் என்னும் இயக்குதளத்தின் பாதுகாப்புக் குழுவிற்கும், பின்னர்ப் பிற லினக்சு வழங்குநர்க்கும் அவர் மறைவாக எழுதினார். மார்ச்சு 29-ஆம் நாள் செய்தி வெளியாயிற்று. அப்போது கள்ளவாயில் டெபியனின் சோதனைப் பதிப்புகளில் மட்டுமே நுழைந்திருந்தது, நிலைப்பதிப்பை எட்டியிருக்கவில்லை.