மின்கார்ப் பகிர்வும் நகரப் போக்குவரத்தும்

காரைச் சொந்தமாக வாங்காமல், தேவைப்படும் பொழுது மட்டும் எடுத்து ஓட்டி, பயன்படுத்திய நேரத்திற்குக் கட்டணம் செலுத்தும் முறையைக் கார்ப் பகிர்வு என்கிறோம். அக்கார் மின்கலத்தால் ஓடுவதாயின் அது மின்கார்ப் பகிர்வு ஆகிறது. புகை குறையும், கார் நிறுத்துமிடம் மிச்சமாகும் என்னும் நம்பிக்கையோடு பல நகரங்கள் இதனை வரவேற்றன. எனினும் முன்னோடியாகப் பேசப்பட்ட சேவைகள் சில நிலைக்கவில்லை. அதற்கான முதற்காரணத்தை மின்கலத்தில் தேடுவதைவிட, கார் எங்கே வந்து நிற்கிறது என்பதில் தேடுவதே பொருத்தம் என்பது நம் கருத்து.

சிங்கப்பூருக்கு இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. இத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைச் சாலைகளே எடுத்துக்கொள்கின்றன. 1990 முதல் வாகன உரிமைச் சான்றிதழ் இல்லாமல் எவரும் கார் வாங்க இயலாது. பத்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லுபடியாகும் அச்சான்றிதழின் விலை, சிறிய கார்களுக்கே 2023இல் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. கைக்குழந்தையும் நடக்க இயலாத பெற்றோரும் உள்ள நடுத்தரக் குடும்பத்திற்கு, மாதத்தில் நான்கு நாள் மட்டும் தேவைப்படும் காருக்கு இவ்விலை கட்டுமா?

இவ்வெண்ணம் புதியதன்று. ஆம்ஸ்டர்டாம் நகரில் லூட் ஸ்கிம்மெல்பென்னிங்க் என்பவர் 1974இலேயே 'விட்கார்' என்னும் சிறு மூன்றுசக்கர மின்வண்டிகளைப் பொதுப் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்தார். விரல்விட்டு எண்ணக்கூடிய நிலையங்களோடு நடந்த அம்முயற்சி 1986இல் முடிவுற்றது. சிங்கப்பூரில் 1997இல் என்டியுசி இன்கம் கூட்டுறவு முறையில் கார்ப் பகிர்வைத் தொடங்கியது. 2002இல் ஹோண்டா நிறுவனம் கலப்பின எரிசக்திக் கார்களைக் கொண்டு, ஓரிடத்தில் எடுத்து வேறோரிடத்தில் விடும் ஒருவழிச் சேவையை நடத்தி 2008இல் நிறுத்திக்கொண்டது.

ஒருவழிச் சேவையின் கவர்ச்சியும் சிக்கலும் ஒன்றே. காலையில் குடியிருப்புப் பேட்டைகளிலிருந்து நகர மையத்தை நோக்கிக் கார்கள் செல்கின்றன, மாலையில் திரும்புகின்றன. ஆனால் சென்றவை அனைத்தும் அதே அளவில் திரும்புவதில்லை. ஓரிடத்தில் கார்கள் குவிய, மற்றோரிடம் வெறுமையாகிறது. அவற்றை மீண்டும் பரப்பி வைக்க ஆள் வேண்டும். அவர் ஓட்டும் தூரத்திற்குக் கட்டணம் தரும் பயணி இல்லை. மின்காராயின் இன்னொரு முடிச்சும் சேர்கிறது. புறப்படும் இடத்தில் கார் இருந்தால் மட்டும் போதாது. சேரும் இடத்தில் மின்னூட்டக் கம்பத்தோடு கூடிய காலியிடமும் இருத்தல் வேண்டும். கார்களைக் கூட்டினால் இடம் கிடைக்காது. குறைத்தால் கார் கிடைக்காது. இரண்டும் போதுமான அளவில் இருக்க வேண்டுமானால் பல இடங்கள் எப்பொழுதும் வெறுமையாக இருக்க வேண்டும். நில விலை மிகுந்த நகரில் வெறுமைக்கும் விலை உண்டு.

2011 டிசம்பரில் பாரிஸில் தொடங்கிய 'ஆட்டோலிப்' இதற்குப் பெரிய சான்று. பொல்லோரே குழுமம் நடத்திய அச்சேவையில் ஆயிரக்கணக்கான மின்கார்கள் ஓடின. பயனாளர்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டிருந்தனர். மக்கள் விரும்பாததால் அது மூடப்பட்டது என்று சொல்ல முடியாது. இழப்பு 60 மில்லியன் யூரோவை மிஞ்சினால் எஞ்சியதை நகராட்சிகள் ஏற்க வேண்டும் என ஒப்பந்தம் கூறியது. அச்சுமையை ஏற்க மறுத்த நகராட்சிகளின் கூட்டமைப்பு ஒப்பந்தத்தை முறிக்க, 2018 ஜூலை இறுதியில் சேவை நின்றது.

அதே குழுமம் 2017 டிசம்பரில் சிங்கப்பூரில் 'புளூஎஸ்ஜி' சேவையைத் தொடங்கியது. 1,000 கார்கள், 2,000 மின்னூட்டக் கம்பங்கள் என்பது இலக்கு. 2021இல் உள்ளூர் நிறுவனமான கோல்ட்பெல் அதனை வாங்கியது. 2025 ஆகஸ்ட் 8ஆம் நாள் அச்சேவை நிறுத்தப்பட்டது. இதற்கிடையில் 2021இல் தொடங்கிய 'கெட்கோ', எடுத்த இடத்திலேயே காரைத் திருப்பி விடும் முறையைக் கைக்கொண்டு விரைந்து வளர்ந்தது. அதன் கார்களுள் பெரும்பாலானவை மின்கார்கள் அல்ல என்பதையும் இங்கே சுட்ட வேண்டும்.

இனி, பகிர்வுக் கார் எதற்கு மாற்றாகிறது என்பதையும் நோக்க வேண்டும். சொந்தக் காரைக் கைவிட்டவர் அதனைப் பயன்படுத்தினால் நகருக்கு நன்மை. பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் சென்றவர் அதற்கு மாறினால், மின்காரே ஆயினும் சாலையில் ஒரு வண்டி கூடுதலாகிறது. சிங்கப்பூரின் மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைப்பதால் மின்கார் முற்றிலும் கரியற்றதும் அன்று. ஆகவே ரயில் எட்டாத இடத்திற்கும், சுமையோடு செல்லும் நாளுக்கும் உரியதாக இச்சேவையைத் திட்டமிடுவதே தக்கது. அவ்வாறு திட்டமிட்டால் இலாபம் குறையும். அக்குறையை நிறுவனம் ஏற்பதா, பொதுப்பணம் ஏற்பதா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். பாரிஸில் அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தும் நிறைவேறவில்லை.

புளூஎஸ்ஜியின் மின்னூட்டக் கட்டமைப்பு 2021இலேயே டோட்டல்எனர்ஜிஸ் நிறுவனத்திற்குக் கைமாறியது. பாரிஸிலும் ஆட்டோலிப் விட்டுச்சென்ற நிலையங்கள் பல பொது மின்னூட்ட நிலையங்களாயின. பகிர்வுக் கார்களுக்கென நடப்பட்ட கம்பங்களில் சொந்தக் கார்கள் மின்னூட்டம் பெறலாயின.