பொரியாத முட்டை சொல்லும் சேதி



கோழி முட்டையை அடைவைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும் என்பது சிறு பிள்ளையும் அறிந்த செய்தி. பொரியாமற்போன முட்டையை என்ன செய்வது என்பதைத்தான் எவரும் கற்பிப்பதில்லை. ‘கூமுட்டை’ என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறி, அதனைக் குப்பை மேட்டில் எறிந்துவிடுகிறோம். முட்டையோடு காரணமும் அங்கேயே புதைந்துபோகிறது. அடுத்த ஈட்டிலும் அதே காரணத்தால் அதே நட்டம் நேருகிறது.

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தை வெளியூரார் சர்க்கரை ஆலையாலும், 2010-ஆம் ஆண்டில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியாலும் அறிவர். சுற்றுப்புறச் சிற்றூர்களில் வீட்டுப் புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்பது நெடுங்கால வழக்கம். ஒரு கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அடைகாக்கும் மூன்று வாரமும், குஞ்சுகளை மேய்த்துத் திரியும் காலமும் அது மறுபடி முட்டையிடாது. முட்டைகளை எடுத்து வேறொரு பெட்டியில் பொரிக்கவைத்தால், கோழி விரைவில் மீண்டும் முட்டைக்கு வரும். இக்கணக்கை உணர்ந்த மாணவர் சிலர் தெர்மோகோல் பெட்டி, குண்டு பல்பு, சிறு விசிறி, வெப்பங்காட்டும் கருவி ஆகியவற்றைக் கொண்டு தாமே அடைப்பெட்டி அமைப்பதை நான் அருகிருந்து கண்டிருக்கிறேன். நாட்டுக்கோழி முட்டையை விற்றால் வீட்டிற்குக் காசு. அடைவைத்துக் கெட்டால் காசும் இல்லை, குஞ்சும் இல்லை. ஆகவே இதனை விளையாட்டு என்று நான் கருதவில்லை.

இக்கலை புதியதும் அன்று. எகிப்தியர் பண்டைக் காலத்திலேயே மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்கவைத்தனர். முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்தே சூட்டை அளந்தனர். ரியோமூர் என்னும் பிரெஞ்சு அறிஞர், சாணக் குவியலின் சூட்டில் குஞ்சு பொரிக்கவைப்பது குறித்து 1749-இல் நூலே எழுதி வெளியிட்டார்.

இனி, கெட்ட முட்டையை விசாரிப்போம். குஞ்சு எந்த நாளில் இறந்தது என்பதுதான் முதற் கேள்வி. ஏழாம் நாள் இரவில், இருட்டறையில், டார்ச் விளக்கின் வாயில் முட்டையின் பருத்த முனையை வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்தியின் கால்கள்போல் பரவிய செந்நிற நரம்புகளும் தெரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. ஒன்றுமின்றித் தெளிவாக இருந்தால், பெரும்பாலும் அது கருவுறாத முட்டை. கடையில் வாங்கிய வெள்ளை முட்டை எப்போதும் இவ்வகையே. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக் கோழிகளைச் சேவலின்றிக் கூண்டில் வளர்ப்பதால், அம்முட்டையை ஆண்டு முழுதும் அடைவைத்தாலும் பயனில்லை. வீட்டு முட்டையே தெளிவாக இருந்தால் சேவலைக் கவனியுங்கள். எட்டு, பத்துக் கோழிகளுக்கு ஒரு சேவலேனும் வேண்டும்.

நரம்புகள் இன்றி, முட்டைக்குள் ஒரு சிவந்த வளையம் மட்டும் தெரிகிறதா? கரு முதல் சில நாட்களிலேயே இறந்துவிட்டது என்று அதற்குப் பொருள். இங்கே நம் ஊர் வெயிலைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். முட்டை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் கரு உறங்கும். அதற்கு மேற்பட்டால் மெல்ல வளரத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் முண்டியம்பாக்கத்துத் தகரக் கூரை வீட்டில் பத்து நாள் சேர்த்துவைத்த முட்டையின் கதி என்ன? பகலில் கரு அரைகுறையாக விழிக்கிறது, இரவில் சோர்கிறது, மறுநாள் மீண்டும் விழிக்கிறது. அடைவைக்கும் நாளில் அதற்கு வலுவே எஞ்சியிருப்பதில்லை. ஆதலால் கோடையில் நான்கைந்து நாளுக்கு மேல் முட்டையைச் சேர்த்துவைக்கலாகாது. ஈர மணல்மேல் வைத்த மண்சட்டியில், வீட்டின் குளிர்ந்த மூலையில் வைப்பது நன்று. இட்ட நாளைப் பென்சிலால் ஓட்டின்மேல் குறித்துவிடுங்கள். கரும்பு டிராக்டர்கள் ஓடிக் குழிவிழுந்த சாலையில் சைக்கிளில் கொண்டுவந்த முட்டையாயின், பருத்த முனை மேலாக அரைநாளேனும் அசையாமல் வைத்திருந்து பின்னரே பெட்டியில் இடவேண்டும்.

கோடை இன்னொரு வகையிலும் பகையாகிறது. விசிறி உள்ள பெட்டிக்கு உரிய சூடு 37.5 டிகிரி. அறையின் சூடே அதைத் தாண்டும் நண்பகலில், கருவி விளக்கை அணைத்துவிடும். ஆனால் பெட்டியைக் குளிர்விக்க அதனால் இயலாது. மாணவர் பலர் மறப்பது இதனைத்தான். சூடு குறைவதைக் கரு ஓரளவு பொறுக்கும். தாய்க்கோழியே நாள்தோறும் இரைக்காகச் சிறிது நேரம் எழுந்து போகிறதன்றோ? சூடு மிகுவதையோ கரு பொறுப்பதில்லை. 40 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் நின்றால் ஈடு முழுதும் போய்விடும். பெட்டியைக் கூரை வீட்டின் மண்தரையில் வைப்பதும், நண்பகலில் மூடியைச் சற்றுத் திறந்துவைப்பதும் எளிய பரிகாரங்கள். குஞ்சுகள் 20-ஆம் நாளுக்கு முன்பே, தொப்புள் ஆறாமல் வெளிவந்தால் சூடு மிகுதி. 22, 23-ஆம் நாளில் தளர்ந்து வந்தால் சூடு குறைவு. கருவி காட்டும் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் அதன் உணர்முனையையும் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் சேர்த்து நனைத்து ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும்.

இடி இடித்தால் அடைமுட்டை கெடும் என்று அஞ்சி, கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் இட்டுவைப்பர் நம் பாட்டியர். இடியோசையால் கரு சாவதில்லை. எனினும் மின்விளக்குப் பெட்டிக்கு அவ்வச்சம் ஒருவாறு பொருந்தத்தான் செய்கிறது; இடி இடித்தால் மின்சாரம் நின்றுவிடுமே! அப்போது மூடியைத் திறவாமல் கோணிப்பையால் போர்த்திவைத்தால் இரண்டு, மூன்று மணி நேரம் கவலையில்லை. எல்இடி பல்பு போதிய சூடு தராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குஞ்சு முழுதாக வளர்ந்த பின் ஓட்டுக்குள்ளேயே இறந்துகிடப்பதுதான் மனத்தை மிகவும் வருத்துவது. அதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாக முட்டை நாள்தோறும் சிறிது நீரை இழக்கிறது. அவ்விடத்தில் பருத்த முனையில் காற்றறை விரிகிறது. குஞ்சின் முதல் மூச்சு அக்காற்றறையில்தான். அனல்காற்று வீசும் காலத்தில் நீர் மிகுதியாக இழந்தால் சவ்வு உலர்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி மழையில் போதிய நீர் வெளியேறாவிடில் காற்றறை சிறுத்து, குஞ்சு திணறி இறக்கும். எல்லாப் பருவத்திலும் ஒரே அளவு நீர்க்கிண்ணம் வைப்பது இதனால்தான் பொருந்தாது. நிறுத்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி: 20 முட்டைகள் முதல் நாளில் 800 கிராம் இருந்தால், 18-ஆம் நாளில் ஏறத்தாழ 700 கிராம் இருக்கவேண்டும். மிகுதியாகக் குறைந்தால் நீரைக் கூட்டுங்கள். குறையாவிடில் நீரை எடுத்துவிடுங்கள். காற்றுத் துளைகளை மட்டும் எந்நாளும் அடைக்காதீர்கள்.

18-ஆம் நாள் வரை முட்டைகளை நாளுக்கு மூன்று முறையேனும் திருப்பவேண்டும். இல்லையேல் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். தலை கூர்முனைப் பக்கம் சிக்கி இறந்த குஞ்சைக் கண்டால், முட்டையைத் தலைகீழாக வைத்திருந்தோமா என்று ஐயுறலாம். 18-ஆம் நாளுக்குப் பின் திருப்புவதை நிறுத்தி, ஈரத்தை மட்டும் உயர்த்துங்கள். ஓட்டில் முதல் விரிசல் கண்டபின் குஞ்சு பன்னிரண்டு மணி நேரம், சில வேளை ஒரு நாள் கூட, அசையாமல் கிடக்கும். அந்நேரத்தில்தான் அது மஞ்சட்கருவை வயிற்றினுள் இழுத்து, சவ்வின் இரத்தத்தையும் உடலுக்குள் வாங்கிக்கொள்கிறது. இரக்கப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தம் ஒழுகி இறக்கும். மூடியைத் திறந்து திறந்து பார்த்தாலும் ஈரம் போய்விடும். வெளிவந்த குஞ்சுக்கு உடனே இரை தேவையில்லை. மயிர் உலரும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும்.

23-ஆம் நாளில் எஞ்சிய முட்டைகளை வெளியே கொண்டுசென்று, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். எந்த நாளில், எந்த நிலையில் இறந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நாற்றமடித்துக் கறுத்திருந்தால் நோய்க்கிருமி புகுந்ததென்று குறியுங்கள். அழுக்கு முட்டையைத் தண்ணீரில் கழுவி அடைவைத்த வீடுகளில் இதனை அடிக்கடி காணலாம். பின்னர் எல்லாவற்றையும் குழியிற் புதைத்து, பெட்டியைப் பிளீச்சிங் தூள் கரைத்த நீரால் கழுவி, வெயிலில் காயவைத்து, அடுத்த ஈட்டிற்கு முட்டை சேர்க்கத் தொடங்கலாம்.