உளநூல் கற்றார்க்கு உரிய பணிகள்

ஆசிரியப் பயிற்சி பெற்ற நம்மில், உளநூலைத் தொடாமல் வெளிவந்தவர் எவருமில்லை. ஆயினும் நம் மாணவர் ஒருவர் அத்துறையையே சிறப்பாகக் கற்க விரும்பினால், வழிகூற நாம் தயங்குகின்றோம். பல ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி இவ்விருப்பத்தை வீட்டிற் கூறினாள். "படித்துவிட்டுத் தஞ்சோங் ரம்புத்தானுக்கா போகப்போகிறாய்?" என்றாராம் தந்தையார்.

பேராக்கில் வாழ்வோர்க்கு இவ்வினாவின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. ஈப்போவை அடுத்த அவ்வூரில் 1911ஆம் ஆண்டு மனநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. பின்னர், மலாய்மொழியில் மகிழ்ச்சி எனப் பொருள்படும் 'பஹாகியா' என்னும் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. பெயர் மாறியும் ஏளனம் மாறவில்லை.

அவ்வினாவிற்கு நேரிய விடை உண்டு. அங்கும் போகலாம், பணிசெய்யப் போகலாம். அப்பணியில் இருவகையினரை நாம் பிரித்தறிதல் வேண்டும். மனநோய் மருத்துவர், முதலில் மருத்துவப் பட்டம் பெற்றுப் பின் அத்துறையிற் சிறப்புப் பயிற்சி பெறுபவர். மருந்து கொடுப்பவர் அவரே. மருத்துவ உளவியலாளரோ உளவியலில் இளங்கலையும், மருத்துவ உளவியலில் முதுகலையும் கற்பவர். சோதனைகளால் உள்ளத்தின் நிலையை ஆராய்ந்து, பேச்சாலும் பயிற்சியாலும் நலம் தேடுவது அவர் தொழில்.

மருத்துவமனைக்கு வெளியே ஆலோசகர் பணி உள்ளது. பள்ளிகளும் சமூகநல அமைப்புகளும் அவரை வேண்டுகின்றன. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, வாரியத்திற் பதிவுபெற்றவரே அப்பெயரைத் தாங்கலாம். நம் மாநிலத்திலேயே, தஞ்சோங் மாலிமில், 1922இல் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் வழிகாட்டல், ஆலோசனைத் துறையிற் பட்டம் அளிக்கின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. உளவியலில் இளங்கலைப் பட்டம் மட்டும் இம்மூன்று பணிகளில் எதற்கும் போதாது. நிறுவனங்களில் ஆள் தேர்தல், ஊழியர் பயிற்சி, சந்தை ஆய்வு முதலியவற்றிற்கு அது உதவும். ஆலோசகராக விரும்புபவர், தாம் சேரும் பட்டத்தை வாரியம் ஏற்கின்றதா என்று முன்னரே கேட்டறிக. இதனை அறியாது பணமும் காலமும் இழந்த குடும்பங்கள் உண்டு.

இப்பணிகளுக்கு நம் பிள்ளைகள் ஏன் செல்ல வேண்டும்? கற்ற மொழியிற் கணக்குச் சொல்லலாம். துயரத்தைத் தாய்மொழியிலன்றோ சொல்ல வருகின்றது! தோட்டம் துண்டாடப்பட்டு, நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த சிறுவன் வகுப்பில் வாய்திறவாதிருப்பான். அவனை 'மந்தன்' என்று ஒதுக்குதல் எளிது. அவன் பேசும் தமிழிலேயே அவனிடம் கேட்டறியப் பயின்றவர் ஒருவர் வேண்டும். சிறு பள்ளிகளில் அப்பணியை வகுப்பாசிரியரே அரைகுறையாகச் செய்கின்றோம்.

அம்மாணவி இன்று ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியை. தன் மகளின் பணி யாதென வினவுவோர்க்கு, "பிள்ளைகள் சொல்வதைக் கேட்கிறாள்" என்கின்றார் தந்தையார். இதனினும் சிறந்த விளக்கம் எனக்குத் தெரியவில்லை.