கணினிக் கோப்பிற்கு வேலியும் படலையும்

நெடுந்தீவிலே முருகைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கி எழுப்பிய வேலிகளைக் காணாதவர், தீவகத்தை முற்றுங் கண்டவராகார். வேலி உடைமையை வரையறுக்கும். படலை வரவை வரையறுக்கும். மாணவர் பெற்ற புள்ளிகளும், வினாத்தாள்களும், பழைய மாணவர் பதிவுகளும் இன்று சேவையகம் எனப்படும் பொதுக் கணினியிலே சேமிக்கப்படுகின்றன. அங்கும் வேலியும் படலையும் வேண்டற்பாலன.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் தொடக்கிய யுனிக்ஸ் முறைமையில் வளர்ந்த வழியொன்றுண்டு. 1991இல் தோன்றிய லினக்சும் அதனையே கைக்கொண்டது. அதன்படி உடையவர், குழுவினர், பிறர் என மாந்தர் மூவகையினர். வாசித்தல், எழுதுதல், இயக்குதல் என உரிமைகள் மூன்று. அவ்வுரிமைகளுக்கு முறையே 4, 2, 1 என மதிப்பளித்துக் கூட்டுவர். 640 எனின், உடையவர் வாசிக்கவும் எழுதவும் வல்லார். குழுவினர் வாசிக்க மட்டுமே வல்லார். பிறர்க்கு யாதுமில்லை என்பது பொருள்.

பலரும் வழுவுமிடம் கோப்புறையாகும். கோப்புறையிலே வாசித்தலென்பது உள்ளிருக்கும் பெயர்களை அறிதல், இயக்குதலென்பது உட்புகுதல், எழுதுதலென்பது கோப்புகளை ஆக்குதலும் அழித்தலுமாம். ஆதலின், புள்ளிக் கோப்பை வாசிக்க மட்டும் என வைத்த ஆசிரியர், அதன் கோப்புறையை 777 என எல்லார்க்குந் திறந்து விடுவாராயின், மாணவன் எவனும் அக்கோப்பை அடியோடு அழித்துவிடலாம். பெட்டியைப் பூட்டிப் படலையைத் திறந்து வைத்தாற் கள்வன் பெட்டியோடு செல்வானன்றோ? யாவரும் எழுதவேண்டிய பொதுக் கோப்புறைக்கு 1777 என வைப்பின், மாணவர் ஒருவர் கோப்பை மற்றொருவர் அழித்தல் இயலாது.

செய்யத்தக்கது யாதெனின், மாணவர், ஆசிரியர், அலுவலகத்தார் எனக் குழு வகுத்து, உரிமையைக் குழுவுக்கே வழங்குதலாம். ஆசிரியரொருவர் இடமாற்றம் பெற்றுச் செல்லின், குழுவினின்று அவரை நீக்கினாற் போதும். தேவைக்கு மேற்பட்ட உரிமை எவர்க்கும் ஆகாதென்பது 1975இல் சோல்ற்சர், ஷ்ரோடர் என்னும் அறிஞர் எடுத்துரைத்த நெறி. முழு அதிகாரமுடைய கணக்கை முதல்வராயினும் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தலாகாது.

ஆயினும், உடையவரே தவறி அழிப்பதை எவ்வேலியும் தடாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது, வேறு படியில்லாத ஏடுகள் மீளாதொழிந்தன. ஆதலின் மறுபடியொன்றைப் பிறிதோரிடத்தில் வைத்தல் கடன். குறிகட்டுவானிலிருந்து வல்லுநர் படகேறி வரும்வரை காத்திருக்க நேரும் நயினாதீவு, நெடுந்தீவுப் பாடசாலைகளுக்கு இது இருமடங்கு பொருந்தும்.

ஊர்காவற்றுறையைத் தன்னகத்தே கொண்ட தீவகத்தாருக்குக் காவலின் அருமையைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. பழைய மாணவர் கணினியை நன்கொடையாக அளிப்பதோடு அமையாது, அதனைக் காக்கும் முறையையும் இளையோர்க்குப் பயிற்றுவாராக.