தொடுதலும் தடுத்தலும்: சிவில் சட்டம் கூறுவதென்ன?

ஒருவன் மற்றொருவனைக் கன்னத்தில் அறைந்துவிடுகிறான். அடிபட்டவன் போலீஸ் நிலையம் சென்று புகார் கொடுக்கிறான். பெரிய காயம் எதுவுமில்லை; வழக்கும் எழவில்லை. இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று அவன் வீடு திரும்புவானாயின், சட்டத்தில் ஒரு பாதியை மட்டுமே அவன் அறிந்தவனாகிறான்.

குற்றவியல் வழக்கை நடத்துவது அரசாங்கம். அதன் நோக்கம் தண்டனை. சிவில் வழக்கிலோ தீங்குக்கு ஆளானவனே வழக்காளி. அவன் கோருவது நஷ்டஈடு. அங்கே நியாயமான ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். இங்கே தராசுத்தட்டு ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்தாலே போதும். ஆகவே முதற்கதவு அடைபட்டதனால் இரண்டாவது கதவும் அடைபட்டதாகாது.

இத்தகைய தீங்குகளை ஆங்கிலேயர் ‘டார்ட்’ என்பர். தீபகற்ப மலேசியாவில், உள்நாட்டுச் சட்டம் வேறு விதிக்காத இடங்களில், இங்கிலாந்தில் 1956 ஏப்ரல் 7இல் வழங்கிய பொதுச்சட்டத்தைப் பின்பற்றுமாறு அவ்வாண்டின் சிவில் சட்டம், 3ஆம் பிரிவில் கூறுகிறது. பழைய ஆங்கிலத் தீர்ப்புகள் இந்நாட்டு நீதிமன்றங்களில் எடுத்தோதப்படுவது இதனாலேயே.

‘வேண்டுமென்றே செய்த தீங்கு’ என்பதன் பொருளிலே பலர் இடறிவிடுகின்றனர். துன்புறுத்தும் எண்ணம் இருந்தாக வேண்டுமென்பதில்லை. செயலைத் தெரிந்து செய்தால் போதும். சினத்தோடு பிறரை இலேசாகத் தொட்டாலும் அது தாக்குதலே என்று 1704இல் தலைமை நீதிபதி ஹோல்ட் தீர்ப்பளித்தார். காயத்தையோ மருத்துவச் செலவையோ காட்ட வேண்டியதில்லை. சந்தை நெரிசலில் தோள் உரசியதற்கு வழக்காட வருவோரை மட்டும் நீதிமன்றம் ஏற்காது!

கை படாவிட்டாலும், இதோ படப்போகிறது என்று அஞ்சச் செய்வது தனியொரு தீங்காகும். ஆயினும் 1669ஆம் ஆண்டு வழக்கொன்றில், வாளின்மேல் கைவைத்தவன், நீதிபதிகள் ஊருக்கு வந்திராவிட்டால் இப்பேச்சைப் பொறுத்திருக்கமாட்டேன் என்றான். அவன் சொல்லே அப்போது தாக்கப்போவதில்லை எனக் காட்டிவிட்டதால், அது தாக்க முனைந்ததாகாது என்று முடிவாயிற்று.

இனி, ஒருவரைத் தடுத்து வைத்தல். இதில்தான் சாதாரண மக்கள் அதிகம் ஏமாந்துபோகின்றனர். சிறை என்றால் பூட்டும் கம்பியும் வேண்டுமென்று எண்ணுகின்றனர். சட்டம் கேட்பது ஒன்றுதான்: எப்பக்கமும் போகவொட்டாமல் செய்தார்களா? இலண்டன் ஹாமர்ஸ்மித் பாலத்தில், படகுப் போட்டியைக் காசு கொடுத்துக் காண்போருக்கென நடைபாதையை அடைத்திருந்தார்கள். வேலியைத் தாண்டிய ஒருவரை முன்னே செல்லவிடாமல் போலீசார் தடுத்தனர். திரும்பிச் செல்லத் தடையில்லை. அது சிறைவைப்பன்று என 1845இல் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்தனர். தலைமை நீதிபதி டென்மன் மட்டும் உடன்படவில்லை. அவர் பக்கமும் நியாயமுண்டு.

தொழிலாளர் கருதிப் பார்க்கத்தக்க தீர்ப்பு 1919இல் வந்தது. விமானத் தொழிற்சாலை ஒன்றில் வார்னிஷ் களவுபோன விசாரணைக்காக ஓர் ஊழியரை அலுவலகத்தில் உட்காரவைத்து, அவர் அறியாமலே வெளியே காவலர்களை நிறுத்தினர். தாம் சிறைப்பட்டிருப்பதை அவர் உணராவிட்டாலும் சிறைவைப்பு சிறைவைப்பே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. உறங்குபவரையும் சிறைவைக்கலாம் என்று நீதிபதி அட்கின் விளக்கினார்.

அப்படியானால் திருடனைப் பிடிக்கவே கூடாதா? பிடிக்கலாம். மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஜாமீனில் விடத்தகாததும் வாரண்டின்றிக் கைது செய்யத்தக்கதுமான குற்றத்தைத் தன் கண்ணெதிரே செய்பவனைத் தனியாரும் பிடிக்க அனுமதிக்கிறது. ஆனால் வீண் தாமதமின்றிப் போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும். வெறும் சந்தேகத்தின்பேரில் பின்னறையில் அடைத்து வைத்து விசாரிக்கும் கடைக்காரர், இப்பிரிவில் அடைக்கலம் புக முடியாது. தற்காப்பும் ஏற்கப்படும், அதுவும் ஆபத்தின் அளவுக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் இவ்வழக்குகளைத் தொடுக்கப் பொதுவாக ஆறாண்டுத் தவணை உண்டு. எதிரி தம் கடமையைச் செய்த அரசாங்க அதிகாரியாயின் அது 36 மாதமே.